லிட்டருக்கு நாலு மூடி

நான் தோற்ற செய்தி நான் வீடு திரும்புவதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

முன்னெல்லாம் தோல்விக்கு ஒரு மரியாதை இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டால்கூட, ரிசல்ட் போட்ட பேப்பர் முசரவாக்கத்துக்கு வந்து சேர மத்தியானம் ஆகும். அதற்குள் பம்புசெட்டில் ஒரு குளியல், மாமரத்தடியில் ஒரு தூக்கம், அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு ஒத்திகை, எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பையன் கம்ப்யூட்டரைத் தட்டினால், இங்கே அடுப்படியில் என் மனைவியின் போன் கிணுகிணுக்கிறது. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே என் தோல்வியைப் படித்துவிடுகிறாள்.

தோற்றது நான் என்று சொன்னேனே தவிர, சட்டப்படி தோற்றது என் மோட்டார் சைக்கிள். புகைப் பரிசோதனையில்.

வண்டி யெஸ்டி ரோடுகிங். 1987-இல் வாங்கியது. கல்யாணம் 1988. சீனியாரிட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. கம்பெனியை 1996-இல் மூடிவிட்டார்கள், வண்டிக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலத்து மூன்றெழுத்து நம்பர். இதில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி. உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் கீழே இறக்கினால் கியர். ஒரு தடவை கோயில் வாசலில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பிரசாதத்தோடு திரும்பி வந்து பார்க்கிறேன், ஒருவன் வண்டிமேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறான். "இன்னாபா தேடற?" என்றேன். "கிக்கர் எங்கண்ணே?" என்றான். சொல்லிக் கொடுத்தேன். அவன் திருட வந்தவன் என்பது கீழம்பி தாண்டி வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வண்டிக்கு 2022 மே மாதத்தோடு ஆர்.சி. முடிவதாக இருந்தது. சொந்த வண்டிக்கு முதல் 15 வருஷம் கேள்வி கிடையாது. அதன்பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போய் நின்று, நானும் உயிரோடு இருக்கிறேன், வண்டியும் உயிரோடு இருக்கிறது என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்னாலேயே மனு கொடுக்கலாம். அதாவது மார்ச்சிலேயே கொடுத்திருக்கலாம். "மார்ச் கடைசி எல்லாருக்கும் வேலை அதிகம், ஏப்ரலில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெருந்தன்மையோடு ஒதுங்கி நின்றேன். ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆயிற்று. என் நிதானத்துக்கு விலை 700 ரூபாய். கூட்டுறவு சங்கத்தில் 30 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஆர்.சி. புதுப்பிக்கப் புகைச் சான்று வேண்டும். அது எப்போதுமே கையில் இருக்க வேண்டிய ஒன்றுதான். இல்லாமல் ஓட்டினால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மூன்று மாதம் வரை உள்ளேயும் போகலாம். இதை மைத்துனர் டெல்லியிலிருந்து போன் போட்டு என் மனைவிக்கு விளக்கினார். அவர் ஊரில் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடவே கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்துவிட்டதாம். "பேசாம எடைக்குப் போட்டுடச் சொல்லுக்கா" என்று ஸ்பீக்கரில் கேட்டது. வண்டியைச் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ரோஷத்தில், "என் வண்டி ராஜா மாதிரி இருக்கு, ஒரு பைசா செலவில்லாம பாஸ் பண்ணிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னவன் ரகசியமாகப் போயிருக்கக் கூடாது. ரகசியமாகப் போனவன், செல்போன் நம்பர் கேட்டபோது மனைவியின் நம்பரைக் கொடுத்திருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டருக்கும் ரேஷன் கடைக்கும் கொடுத்துக் கொடுத்து வாயில் அதுதான் வருகிறது. 2021-இலிருந்து நாடு முழுக்கப் புகைச் சான்று ஒரே மாதிரி; நம்பர் கொடுக்காமல் நகர முடியாது.

"ஒரு ஓ.டி.பி. போயிருக்கும், கேட்டுச் சொல்லுங்க அங்கிள்" என்றான் மையத்துப் பையன்.

போன் போட்டேன். "ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு."

"யார் பேசறது?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு? இப்படித்தான் பேசுவாங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல மெசேஜ் போட்டிருக்காங்க."

"என் குரல் தெரியலையா உனக்கு? 34 வருஷமா குடித்தனம் பண்றோம்."

"குரல்லாம் இப்ப மிஷின்லயே பண்றாங்களாம். நம்ம கல்யாணத் தேதி சொல்லுங்க பாப்போம்."

எனக்குப் பின்னால் நாலு பேர் வண்டியோடு நிற்கிறார்கள். ஸ்பீக்கரில் வேறு போட்டுத் தொலைத்திருக்கிறேன். ஆவணி என்பது நிச்சயம். தேதியை ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"தப்பு" என்றாள். "சரி, நீங்கதான். எழுதிக்குங்க." நம்பரைச் சொன்னாள்.

எதற்கு என்று கேட்டாள். ஆதார் விஷயம் என்றேன்.

இனி பரிசோதனை. வண்டி சூடாக இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிட வேண்டும். சைலன்சருக்குள் ஒரு முழம் போல குழாயைச் செருகிக் காற்றை உறிஞ்சி, அதில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று மிஷின் சொல்லும். பையன் குழாயோடு வந்தான். வந்தவன் நின்றான். என் வண்டிக்கு ஒரு சிலிண்டர்தான், சைலன்சர் இரண்டு.

"இதுல எதுல அங்கிள் விடறது?"

எனக்கு என்ன தெரியும்? வலது பக்கம் சுபம் என்றேன். வலது பக்கம் செருகினான். ஆனதும் இடது பக்கத்து சைலன்சர், இவ்வளவு நேரம் தன்னை யாரும் கவனிக்கவில்லையே என்ற கோபத்தில், ஒரு பாட்டம் புகையை நேராகப் பின்னால் அனுப்பியது. பின்னால் ஒரு கல்யாண வீட்டுக்காரர். காந்தி ரோட்டில் பட்டெடுக்க வந்தவராம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. புகை கலைந்தபோது வேட்டி மட்டும்தான் வெள்ளை. "ஆயிரம் பேருக்கு சாம்பிராணி போடலாம்பா உன் வண்டியில" என்றார். நல்ல மனிதர், இன்னும் ஏதாவது சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2000 மார்ச் 31 வரை செய்த இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 9,000 வரை மன்னிப்பு உண்டு. அதற்குப் பிறகு பிறந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு 3.5, 6,000. பஸ்ஸில் முதியோருக்குத் தனி சீட் ஒதுக்குகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி எங்களுக்கு ஒரு சலுகை. என் வண்டி காட்டியது 6.1, 12,400. சீட் ஒதுக்கியும் படிக்கட்டிலேயே விழுந்துவிட்டோம்.

பையன் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். பாஸானதற்குச் சான்று கொடுப்பது பழைய வழக்கம். தோற்றால் ஏன் தோற்றது என்று நிராகரிப்புச் சீட்டு கொடுப்பதை 2021-இல்தான் கொண்டுவந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் இது இல்லாமல் போனதற்குக் கடவுளுக்கு நன்றி.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் போன்.

"ஆதாருக்கு வண்டி புகை விட்டுச்சா?" என்றாள்.

மறுநாள் மெக்கானிக் பாயிடம் போனேன். பிள்ளையார்பாளையம் பக்கம் மரத்தடியில் கடை. இந்த ஜில்லாவில் யெஸ்டியின் மனசு தெரிந்த கடைசி மனிதர்களில் ஒருவர். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இத கடைசியா எப்ப சார் தொறந்தது?"

அத்திவரதர் குளத்திலிருந்து 40 வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979-இல் வந்தார், 2019-இல் வந்து 48 நாள் காட்சி கொடுத்தார். என் ஏர் ஃபில்டரும் அந்த ஆகமப்படிதான் நடந்துவருகிறது என்று எப்படிச் சொல்வது? "போன தீபாவளிக்கு" என்றேன். பாய் அதை லேசாகத் தட்டினார். ஒரு குளவிக்கூடு விழுந்தது. காலியான கூடு. குளவிக்கே மூச்சு முட்டிப் போயிருக்கும்.

"காத்து போவலன்னா பெட்ரோல் எப்பிடி சார் எரியும்? அதான் சி.ஓ. ஏறுது. அது சரி பண்ணிடலாம். எச்.சி. இவ்ளோ எதுக்கு ஏறுதுன்னுதான் புரியல" என்றபடி பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பிளக்கைப் பார்த்தால் ஓட்டுகிறவன் ஜாதகமே தெரியுமாம். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்ல ஜாதகம். என்னுடையது கண்மை டப்பா. புதுசு போட்டுவிட்டு, "சைலன்சர் ரெண்டும் அடைச்சிருக்கு, விட்டுட்டுப் போங்க, கொளுத்தி க்ளீன் பண்ணித் தரேன்" என்றார். கூலியைக் கேட்டேன். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டில்தான் வைக்கோல் இருக்கிறதே.

பழைய பிளக்கை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்தே அசலா போலியா சொல்லிவிடுவாள். பெண் பார்க்கப் போனபோது என் மாமனாரும் என்னை ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார். அவள் பிளக்கை வாங்கி நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மோந்தாள்.

"எண்ணெய்ப் பிசுக்கு. தோசைக்கல்லு ஓரம் மாதிரி இருக்கு. வண்டிக்கு எண்ணெய் எவ்ளோ ஊத்தறீங்க?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

இந்த இடத்தில் என் வண்டியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பற்றி இரண்டு வார்த்தை. இதற்குத் தனியாக எஞ்சின் ஆயில் ஊற்றி மூடிவைக்கும் அறை கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிட வேண்டும். அது எஞ்சினுக்கு வழவழப்பும் கொடுத்து, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தும் போகும். கல்யாணப் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்டவன் எழுந்திருக்கும் முன்பே அடுத்தவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று நெருக்குவான். டூ-ஸ்ட்ரோக்கும் அப்படித்தான், புதுக் கலவை உள்ளே வந்துதான் எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. அந்த நெரிசலில் சாப்பிடாதவனும் வாசல் வழியாக வெளியே போய்விடுவான். அந்தப் பட்டினிக்காரன்தான் ஹைட்ரோகார்பன். இது வண்டியின் பிறவிக் குணம், எவனாலும் மாற்ற முடியாது. அதன்மேல் நாமும் வேண்டாத விருந்தாளிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினால்?

லிட்டருக்கு 40 மில்லி என்று வாங்கின அன்றே சொன்னார்கள். ஆனால் எங்கள் அம்மா கை. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் என்றால் பொடி மிதக்க வேண்டும். கோயிலில் கொடுக்கும் காஞ்சிபுரம் இட்லியை உள்ளங்கையில் அழுத்தினால் நெய் கசிய வேண்டும். அந்தக் கைக்குப் பிறந்த கை இது; பங்கில் நின்று டப்பாவைச் சாய்க்கும்போது, பாவம் வயசான வண்டி, தொண்டை வறளும், என்று மனசு இளகி இன்னும் ஒரு சாய் சாய்த்துவிடுகிறது. 35 வருஷமாக.

அவள் இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியை எடுத்துவந்தாள். பத்து மில்லி மூடி. "ஒரு லிட்டருக்கு வழக்கமா ஊத்தற மாதிரி தம்ளர்ல ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். அவள் மூடியால் அளந்தாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஒன்பதில் நிறுத்தினாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மிச்சமிருந்த என் கௌரவம் அடுத்த நாள் விடியற்காலையில் போயிற்று. சைலன்சருக்குள் புல்லாங்குழல் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு குழாய் இருக்கிறது. அதை உருவினேன், ஓட்டை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு கரி. இரண்டு குழாயையும் வாசலில் வைக்கோல்மேல் வைத்து, மண்ணெண்ணெய் தெளித்துக் கொளுத்தினேன். 35 வருஷத்து ஆயில் ஒரே சமயத்தில் கிளம்பியது. அந்த வண்டி தன் ஆயுளில் விட்டதும் இனி விடப்போவதும் சேர்ந்து அந்தப் பத்து நிமிஷத்தில் வந்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"தாத்தா, போகி வந்துடுச்சா?" என்று பக்கத்து வீட்டுப் பொடியன் மேளத்தைத் தேடி உள்ளே ஓடினான்.

அப்போதுதான் புகை போகிற திசையைப் பார்த்தேன். தெருக்கோடியில் மாமா பாவு நீட்டிக் கட்டியிருந்தார். உறவுமுறை ஒன்றும் கிடையாது. ஊருக்கே அவர் மாமா. வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவை நீள இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவி விடுவார்கள். மூன்று சேலைக்கான பட்டு, அரக்குச் சிவப்பு. அதன்மேல் என் யெஸ்டியின் ஆவி மெதுவாகப் படர்ந்துகொண்டிருந்தது.

"ஏம்பா" என்றார் மாமா. கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "முகூர்த்தப் பட்டுபா இது. நாளைக்குப் பொண்ணு வீட்டாளுங்க மடிப்பைப் பிரிச்சி மோந்து பாத்தா, டூ-டி ஆயில் வாசன வந்தா, நான் எந்த ஊர்ல போய்த் தறி போடுவேன்?"

இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். அணைத்ததும் புகை இரண்டு மடங்கானது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமா எனக்குத் தண்டனை கொடுத்தார். பாவின் ஒரு நுனிக் கட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்து நிற்க வேண்டும், தளரக் கூடாது, இறுக்கவும் கூடாது. இரண்டு மணி நேரம். தெருவில் போன ஒவ்வொருத்தரும் நின்று விசாரித்தார்கள். "ரிட்டயர்டு ஆகி நல்லாத்தான் பொழுதுபோகுது" என்றார் பால்காரர். மூக்கில் அரிப்பு எடுத்தபோது சொறிய ஒரு கை கிடையாது. என் மனைவி மாமாவுக்கு மட்டும் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நல்லவேளை, பட்டில் வாசனை தங்கவில்லை. மாமா பத்து முறை மோந்து பார்த்த பிறகுதான் என்னை விடுதலை செய்தார்.

குழாய்களை எடுத்துக்கொண்டு பாயிடமே போனேன். அவர் கேட்ட கூலியையே கொடுத்தேன். சுத்தம் செய்து மாட்டினார், கார்பரேட்டரைக் கழுவினார், ஏர் ஸ்க்ரூவைக் காது வைத்துக் கேட்டுத் திருகினார். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினோம். ஆயிலை மனைவியே அளந்து ஒரு சின்ன பாட்டிலில் கட்டிக் கொடுத்திருந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மதியச் சோறு கட்டுகிற மாதிரி.

இரண்டாவது பரிசோதனைக்கு அவளும் வந்தாள். ஓ.டி.பி.க்காக என்றாள். வண்டி சும்மா ஓட வேண்டிய இடத்தில் என் கை தானாக ஆக்சிலேட்டருக்குப் போயிற்று, அவள் தட்டிவிட்டாள். வண்டியும் சரி, நானும் சரி, சும்மா இருந்து பழகாதவர்கள். பையன் வலது பக்கம் செருகினான், இடது பக்கம் செருகினான். மிஷின் யோசித்தது. 3.9. 8,740.

பாஸ். 260 பாயிண்டில் பாஸ். சான்றில் நம்பர் பிளேட்டோடு வண்டி போட்டோ வரும். என்னுடையதில், சந்தோஷத்தில் குனிந்த என் அரை வழுக்கையும் ஓரமாக விழுந்திருக்கிறது. ஆறு மாதத்துக்குச் செல்லும். இப்போது வருகிற பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஒரு வருஷம் கொடுக்கிறார்கள். எங்களைக் கொஞ்சம் அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிறார்கள் போலிருக்கிறது. அதன்பிறகு ஆர்.சி. புதுப்பித்த கதை இருக்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டதால் எழுத ஒன்றும் இல்லை.

ஆயில் டப்பா இப்போது பீரோவில், அவளுடைய கல்யாணப் பட்டுக்குக் கீழ்த் தட்டில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில். பெட்ரோல் எத்தனை லிட்டர் என்று சொன்னால், லிட்டருக்கு நாலு மூடி அளந்து பாட்டிலில் வரும். "வயசான வண்டிம்மா, அரை மூடி சேத்து..." என்று ஒருமுறை ஆரம்பித்தேன். கல்யாணத் தேதியைக் கேட்டாள்.

நேற்று ராத்திரி இருமல். எனக்கு. மருந்துப் பாட்டிலை எடுத்தேன், மூடியைக் காணோம்.

"அது வண்டிக்கு" என்றாள் இருட்டில் திரும்பிப் படுத்தபடி. "நீங்க ஸ்பூன்ல குடிங்க."